'சமயம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது?

வாவிக்கரை:
மகளுக்கு வருகிற தையில் தரம் 1. பாடசாலை விண்ணப்பப் படிவம் மூன்று நாளாக மேசையில் கிடக்கிறது. பெயர், பிறந்த திகதி, முகவரி எல்லாம் பத்து நிமிடத்தில் நிரப்பிவிட்டேன். 'சமயம்' என்ற இடத்துக்கு வந்ததும் பேனை நின்றுவிட்டது.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. பல்கலைக்கழகக் காலத்திலிருந்தே இல்லை. மனைவிக்கு உண்டு, ஆனால் அளவோடு. வெள்ளிக்கிழமை விளக்கு, வைகாசியில் கண்ணகை அம்மன் குளிர்த்தி, அவ்வளவுதான். மாமிக்கு எங்கள் இரண்டு பேரின் பங்கும் சேர்த்து உண்டு. நாங்கள் இருப்பது மாமி கொடுத்த வளவில். மட்டக்களப்பு ஆட்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரருக்காகச் சொல்கிறேன்: இங்கே பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம், மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து சேருவான். வீடு அவர்களுடையது, சாமியறையும் அவர்களுடையது.

சைவம் என்று எழுதினால் என் வரையில் பொய். 'இல்லை' என்று எழுதினால் சமயப் பாட நேரத்தில் பிள்ளையை எங்கே இருத்துவார்கள்? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ஊரி_பாடுது:
'மீன்' என்று எழுதுங்கள். வாவிக்குள் பாடுவது மீனா, ஊரி என்கிற நத்தையா என்று தெரியாமலே பௌர்ணமிக்குப் பௌர்ணமி கல்லடிப் பாலத்தில் காதை வைத்துக்கொண்டிருக்கிற ஊர் இது. அதுவும் ஒரு சமயம்தான்.

நெத்தலி:
அண்ணன், 'இல்லை' என்றே எழுதுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நீங்கள் ஒருவர் எழுதினால்தான் அடுத்தவர் எழுதுவார். எல்லாரும் மாமிக்குப் பயந்தால் இந்த ஊர் இன்னும் நூறு வருடத்துக்கு வேப்பிலையோடுதான் இருக்கும். நான் இருக்கிற நாட்டில் இந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார்கள்.

ஊரி_பாடுது:
நெத்தலி தம்பி, அங்கே மாமியும் இல்லைதானே.

மடைப்பெட்டி:
31 வருடம் சைவநெறி படிப்பித்து ஓய்வு பெற்றவள் எழுதுகிறேன். முதலில் நடைமுறையைச் சொல்கிறேன். சாதாரண தரப் பரீட்சையில் சமயம் கட்டாயப் பாடம். தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு மாதிரி அதுவும் ஒன்று. சைவநெறி, பௌத்தம், இஸ்லாம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இவற்றில் ஏதாவது ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். 'ஒழுக்கவியல்' என்றோ 'ஒன்றுமில்லை' என்றோ பாடம் கிடையாது. ஆகவே இப்போது 'இல்லை' என்று எழுதினாலும் பத்து வருடத்தில் எப்படியும் அந்த வாசலுக்கு வந்துதான் ஆக வேண்டும். நிறையப் பிள்ளைகளுக்கு ஏ வாங்கிக் கொடுக்கிற பாடமும் அதுதான், அதையும் மறக்க வேண்டாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். படிப்பிக்கிற நாங்கள் எல்லாரும் எல்லா நாளும் நம்பிக்கையோடுதான் வகுப்புக்குள் போனோம் என்று நினைக்காதீர்கள். 2005 தை மாதம், சுனாமி முடிந்து பாடசாலை திறந்த முதல் கிழமை. தரம் 7. "டீச்சர், அண்டைக்குக் கடவுள் எங்க இருந்தவர்?" என்று ஒரு பையன் கேட்டான். குறும்புக்குக் கேட்கவில்லை. அவனுடைய தங்கச்சி இல்லை. கல்லடிக் கடற்கரையில் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம் சாய்ந்து நின்றது எல்லாருக்கும் தெரியும். புத்தகத்தில் இருந்த பாடமோ திருமுறைகளின் பெருமை. புத்தகத்தை மூடிவிட்டு, வகுப்பில் இல்லாத பிள்ளைகளின் பெயரை ஆளுக்கொன்றாகச் சொல்லச் சொன்னேன். அந்தப் பாட நேரம் அதிலேயே போயிற்று. இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியாது. ஆனாலும் நான் கோயிலுக்குப் போகிறவள்தான்.

சட்டக்காகிதம்:
சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

1978 அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுக்கிறது. அதனால் இது மதச்சார்பற்ற நாடு என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த உறுப்புரையே, 10, சிந்தனைக்கும் மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் சுதந்திரம் உண்டு என்கிறது. விரும்பிய மதத்தையோ நம்பிக்கையையோ கைக்கொள்ளலாம். பலருக்குத் தெரியாத விசயம், 15ஆவது உறுப்புரை பட்டியலிடுகிற கட்டுப்பாடுகள் இந்த 10க்குப் பொருந்தாது. பேச்சுச் சுதந்திரத்தையும் வழிபாட்டை வெளிக்காட்டும் உரிமையையும் சட்டம் போட்டு மட்டுப்படுத்தலாம். மனதுக்குள் நம்பாமல் இருப்பதை மட்டுப்படுத்த முடியாது.

நடைமுறை வேறு. நீதிமன்றத்தில் சத்தியம் செய்ய மனம் இல்லாதவர் உறுதியுரை கொடுக்கலாம், சட்டம் இடம் தருகிறது. ஆனால் சத்தியக்கடதாசி முடிக்கப் போய்ப் பாருங்கள். சமாதான நீதவான் உங்கள் பெயரைக் கேட்டதுமே 'இந்துவாகிய நான்' என்று தொடங்கியிருப்பார். எனக்கு அப்படித்தான் நடந்தது. வெட்டி எழுதச் சொன்னேன். "தம்பி, அப்ப நீங்க வேதமா?" என்று கேட்டார், கிறிஸ்தவரா என்ற அர்த்தத்தில். இல்லை என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பின்னால ஆக்கள் நிக்கிறாங்க" என்றார். இந்துவாகவே கையெழுத்து வைத்தேன்.

கலியாணத்துக்குப் பிரச்சினை இல்லை. 1907ஆம் ஆண்டு பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி பதிவாளர் முன் எழுதினால் போதும், தாலியும் ஐயரும் சட்டத்துக்குத் தேவையில்லை. குடிசன மதிப்பீடுதான் இன்னொரு வேடிக்கை. 2012 முடிவுகளை எடுத்துப் பாருங்கள். பௌத்தர், இந்து, இஸ்லாம், ரோமன் கத்தோலிக்கம், ஏனைய கிறிஸ்தவம், 'வேறு'. எங்களுக்கென்று ஒரு நிரல் கிடையாது. எண்ணப்படாத ஆட்கள் நாங்கள்.

நெத்தலி போன்ற தம்பிமாருக்கு ஒரு எச்சரிக்கை. 2007ஆம் ஆண்டு 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆவது பிரிவு மத வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்க வந்தது. ஆனால் 2019 ஏப்ரலில் சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக அதே பிரிவில் கைதானார். பிணை கிடைக்க நான்கு மாதம். வழக்கிலிருந்து விடுபட்டது 2021இல். நம்பாமல் இருக்கலாம், ஆனால் பேஸ்புக்கில் அடுத்தவன் சாமியைக் கேலி செய்வதற்கு முன் யோசியுங்கள்.

நெத்தலி:
சிறுகதைக்கு நான்கு மாதம் என்றால் பிழை சட்டத்தில்தானே. அதற்கு என்னை ஏன் யோசிக்கச் சொல்கிறீர்கள்?

சட்டக்காகிதம்:
சரிதான். ஆனாலும் உள்ளே இருக்கப்போவது நீங்கள், சட்டம் அல்ல.

பெயர்வேண்டாம்:
ஊர்ப் பெயரும் வேண்டாம். கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் ஓரிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாவிக்கரை அண்ணன், நீங்கள் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசிக்கிறீர்கள். நான் முப்பது நோன்பும் பிடிக்கிறேன். உம்மா ஸஹருக்கு எழுப்பும்போது எழும்பிச் சாப்பிடுகிறேன். பகலில் ஒளித்துத் தண்ணீர் குடிக்க எனக்கு இடம் இல்லாமல் இல்லை, மனம்தான் வராது. உம்மா பசியோடு இருக்கும்போது நான் மட்டும் குடிப்பது எப்படி? நம்பிக்கை இல்லை என்று இதுவரை இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். ஒருவன் அதற்குப் பிறகு பேசுவதில்லை.

உங்கள் பக்கத்தில் 'கோயிலுக்குப் போகாத சைவன்' என்று ஒரு வசதியான திண்ணை இருக்கிறது. அதில் ஆயுள் முழுக்கக் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம், யாரும் எழுப்பமாட்டார்கள். எங்களிடம் அது இல்லை. மூன்று ஜும்ஆவுக்குத் தொடர்ந்து போகாவிட்டால் யாராவது வீட்டுக்கு வந்து "சுகமில்லையா தம்பி?" என்பார்கள். உண்மையான அக்கறையோடுதான் கேட்பார்கள். அதற்கு முகம் கொடுப்பதுதான் கஷ்டம். கலியாணம், பிரிவு எல்லாம் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், காதி நீதிமன்றம். நான் ஒரு முஸ்லிம் பெண்ணைக் கட்டினால், மனதில் என்ன இருந்தாலும் அந்தச் சட்டத்தின் கீழ்தான்.

ஆனால் சொல்ல வந்தது அதுவல்ல. இங்கே அடிக்கடி 'விஞ்ஞானம் விஞ்ஞானம்' என்கிறார்கள். 2020இல் கொவிட்டில் இறந்தவர்களின் ஜனாஸாக்களை எரித்தது அந்தப் பெயரில்தான். புதைத்தால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்றார்கள். புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் கேட்கவில்லை. 2021 மார்ச்சில்தான் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அதற்காக மன்னிப்புக் கேட்க அமைச்சரவை முடிவெடுத்தது 2024இல். அந்த மாதங்களில் வாப்பாவுக்கு ஒரு இரவு காய்ச்சல் அடித்தது. மௌத்தைப் பற்றி நான் பயப்படவில்லை. அதற்குப் பிறகு நடக்கப்போவதை நினைத்துத்தான் விடியும்வரை இருந்தேன். மறுமையை நம்பாதவன் மய்யித்துக்கு என்ன நடந்தால் என்ன என்று இருக்க வேண்டும்தானே. இருக்க முடியவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு முஸ்லிமாக நான் இருந்ததே இல்லை.

வாவிக்கரை:
தம்பி, இதற்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. வாப்பா இப்போது சுகமா?

பெயர்வேண்டாம்:
அல்ஹம்துலில்லாஹ், சுகம். (பார்த்தீர்களா, வாயில் தானாக வருகிறது.)

பழைய_சைக்கிள்:
எங்கள் காலத்தில் இதற்கெல்லாம் ஒரு பெயர் இருந்தது: கோவூர். டொக்டர் ஆபிரகாம் கோவூர். கேரளத்தில் 1898இல் பிறந்தவர், 1928இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் தாவரவியல் படிப்பித்தவர். பகுத்தறிவாளர் சங்கத் தலைவர். மோசடிக்கு இடமில்லாத ஏற்பாட்டில் அற்புதம் செய்து காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963இல் சவால் விட்டார். அன்றைய ஒரு லட்சம், யோசித்துப் பாருங்கள். 1978இல் சாகும்வரை அந்தக் காசு அவரிடமே இருந்தது. உடலையும் மருத்துவப் படிப்புக்குக் கொடுத்துவிட்டார், கண்ணைத் தானம் செய்தார்.

நாங்கள் நாலு பெடியன்கள் அவரைப் பற்றி வாசித்துவிட்டுச் செய்வினைத் தகட்டைத் தோண்டி எடுக்கிறவர்களின் பின்னால் சைக்கிளில் திரிந்தோம். தகடு எப்போதும் அவர்கள் கை பட்ட மண்ணில்தான் கிடைக்கும். வந்தவனைப் பாயோடு ஒட்டவைக்கிற ஊர் என்று நாடெல்லாம் பேர் எடுத்த இடத்தில் அந்த வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஒருமுறை அடியும் வாங்கினோம்.

ஒன்று கவனித்தேன். பேய் பிடித்தவர் என்று கொண்டுவரப்பட்டவர்களைக் கோவூர் மனோவசியம் செய்து குணப்படுத்தினார். எங்கள் ஊர்க் கட்டாடியாரும் (அம்மன் சடங்கு செய்கிற பூசாரி) உடுக்கை அடித்துக் கிட்டத்தட்ட அதையேதான் செய்தார். இதைச் சொன்னதற்குப் பகுத்தறிவு நண்பர்கள் என்னோடு ஒரு மாதம் கோபம்.

வெள்ளைத்தொப்பி:
அம்பாறை மாவட்டத்தில் ஆஸ்பத்திரித் தாதி. எனக்குக் கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பதில் அக்கறை குறைவு. ஆள் எத்தனை மணிக்கு வார்ட்டுக்கு வந்தார் என்பதில்தான் அக்கறை.

வேளாண்மை வெட்டுக் காலத்தில் பாம்புக்கடி வரும். கடித்த உடனே வந்தால் விஷமுறிவு மருந்து ஏற்றலாம். 'பார்வை பார்க்கிறவரிடம்' போய், மூன்று நாலு மணித்தியாலம் கழித்து, இமை தூக்க முடியாமல் வந்தால் சுவாச இயந்திரத்துக்கு ஓட வேண்டும். பார்வை பார்த்துப் பிழைத்தவர்களின் கதை ஊர் முழுக்க இருக்கும், ஏனென்றால் நிறையக் கடிகளில் விஷம் இறங்குவதே இல்லை. பிழைக்காதவர் வந்து கதை சொல்லமாட்டார்.

ஆனால் ஒரு ஐயா இருக்கிறார். தலைமுறையாக விஷகடி பார்க்கிற குடும்பம். இப்போது அவரிடம் வந்தால் வாசலிலேயே நூலைக் கட்டி, தன்னுடைய மகனின் ஓட்டோவில் ஏற்றி எங்களிடம் அனுப்பிவிடுகிறார். நூலை நாங்கள் வெட்டுவதில்லை. இறுக்கமாக இருந்தால் மட்டும் தளர்த்துவோம். அந்த நூலை நம்பி வருகிறவர்கள் நேரத்துக்கு வந்துவிடுகிறார்கள். நெத்தலி தம்பி இதற்கு என்ன சொல்வார் என்று தெரியாது, எனக்கு வேலை நடக்கிறது.

பெண்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஆண் ஒருவர் 'நான் நாத்திகன்' என்றால் படித்தவர், கொஞ்சம் கிறுக்கு என்று விட்டுவிடுவார்கள். நான் பொட்டு வைக்காமல் போனால் "என்னடி, ஆருக்கு என்ன?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். என் அக்கா முப்பது வயதில் புருசனை இழந்தவள். சொந்த மகளின் சாமத்தியச் சடங்கில் பின்வரிசையில் நின்றாள். கடவுள் உண்டா இல்லையா என்று யார் வேண்டுமானாலும் பட்டிமன்றம் வைக்கட்டும். என் அக்கா முன்வரிசைக்கு வருவதற்கு அந்த முடிவு வரை காத்திருக்க முடியாது.

மடைப்பெட்டி:
பிள்ளை, கண்ணகையே கைம்பெண்தான். அதை அந்தச் சடங்கில் யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

கட்டாடி_பேரன்:
பழைய_சைக்கிள் ஐயா என் குடும்பத் தொழிலைத் தொட்டுவிட்டார், எழுதித்தான் ஆக வேண்டும்.

என் அம்மப்பா கட்டாடியார். நான் பௌதிகவியல் படித்தேன். பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிலில் பதினெட்டு நாள் சடங்கு முடிந்து தீ இறங்குவது உங்களுக்குத் தெரியும். இருபது வயதில் அம்மப்பாவுக்கு நான் வகுப்பு எடுத்தேன். மரக்கரிக்கு வெப்பக் கடத்துதிறன் குறைவு, மேலே சாம்பல் மூடியிருக்கிறது, பாதம் ஒவ்வொரு முறையும் படுவது ஒரு நொடிக்கும் குறைவு, அதே சூட்டில் இரும்புத் தகடு போட்டால் ஒருவரும் இறங்கமாட்டார்கள் என்று. அவர் முழுக்கக் கேட்டார். "அப்ப இறங்கு மனே" என்றார். நான் இறங்கவில்லை. விளக்கம் முழுக்கத் தெரிந்த நான் கரையில் நின்றேன், ஒன்றும் தெரியாத சின்னம்மா இறங்கிப் போனா.

அது சிரிப்புக் கதை. மற்றது அப்படியல்ல.

1990இல் பெரியம்மாவின் மகன் காணாமல் போனான். அந்த வருடம் செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரைக் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. எங்கள் அண்ணன் அந்தப் பட்டியலிலும் இல்லை. கடைக்குப் போனவன். பெரியம்மா ஏறாத வாசல் இல்லை. போன இடமெல்லாம் "அப்படி ஒரு ஆள் இங்க இல்ல" என்ற ஒரே வசனம். மறுகா வைகாசிச் சடங்கில் தெய்வமாடுகிற ஒரு அம்மாவிடம் போய்க் கட்டு, அதாவது அம்மன் வாக்கு, கேட்டா. "தண்ணிக்கு அக்கரையில இருக்கான், வருவான்" என்று வந்தது.

அவ நம்பினா. இரவில் படலையைக் கட்டமாட்டா. எனக்கு ஆத்திரம். பொய் சொல்லி ஒரு தாயை வருடக்கணக்காகக் காக்கவைக்கிறீர்கள் என்று அம்மப்பாவிடம் சத்தம் போட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அவளுக்கு வேற ஆரும் வாய் திறக்கல்ல மனே."

பிற்பாடு பார்த்தால், பற்றீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் போர்க்காலத்தில் மட்டக்களப்புக்கு வந்து இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார். காணாமல் போனவர்களைப் பற்றி வெளியில் வாய் திறக்கவே முடியாத காலத்தில், நூறு பேர் முன்னால் அந்தப் பெயரை உரக்கச் சொல்லி அழுவதற்கு அம்மன் கோயில் முற்றம் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. நான் இன்றும் நம்பாதவன்தான். அம்மன் வந்து பேசவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அந்த முற்றத்தில் நின்றுகொண்டு 'இது மூடநம்பிக்கை' என்று சொல்ல எனக்கு வாய் வராது.

நெத்தலி:
அண்ணன், உங்கள் பெரியம்மாவை நினைத்தால் கவலைதான். ஆனால் அப்போ ஆறுதல் தருகிற பொய் சரியா?

மடைப்பெட்டி:
நான் சொல்கிறேன், சரியில்லை. கோயிலை நம்புகிற நான்தான் சொல்கிறேன். எங்கள் தெருவிலும் ஒரு அம்மா இருந்தா, அதே "வருவான்" என்ற வாக்கு. மகனுக்கு மரணச் சான்றிதழ் எடுத்தால் வாக்குப் பொய்யாகிவிடும் என்று எடுக்கவே இல்லை. நட்டஈடு போனது, காணி சிக்கலானது, மருமகளின் வாழ்க்கை அந்தரத்தில் நின்றது. 'காணாமற்போனமைக்கான சான்றிதழ்' என்று ஒன்று சட்டத்தில் வந்ததே 2016இல்தான். அதுவரை இறந்தான் என்று எழுது, அல்லது சும்மா இரு என்பதுதான் நிலைமை. அழுவதற்கு முற்றம் கொடுத்தது அம்மன் என்றால் கோடி புண்ணியம். நாள் குறித்துக் கொடுத்ததை நான் ஏற்கமாட்டேன்.

கட்டாடி_பேரன்:
டீச்சர், நாங்கள் இரண்டு பேரும் கட்சி மாறி நிற்கிறோம் போலிருக்கிறது.

மடைப்பெட்டி:
மாறவில்லை மனே. நான் அம்மனை நம்புகிறேன், ஆடுகிறவர்களை அல்ல.

ஊரி_பாடுது:
படிவம் என்னாச்சு? ஒரு மாதம் ஆகிவிட்டது.

வாவிக்கரை:
கொடுத்துவிட்டேன். எல்லாரும் எழுதியதை மனைவியும் வாசித்தா. பெயர்வேண்டாம் தம்பி எழுதியதை இரண்டு தரம் வாசித்தா.

கடைசியில் வெறுமையாகவே விட்டுக் கொடுப்போம், கேட்டால் பார்ப்போம் என்று முடிவு செய்து, போகிற அன்று காலையில் எடுத்துப் பார்க்கிறேன், 'சமயம்' என்ற இடத்தில் பென்சிலால் 'சைவம்' என்று எழுதியிருக்கிறது. மாமியின் எழுத்து. மேசையில் பேனை கிடந்தது, ஆனால் பென்சிலைத் தேடி எடுத்து எழுதியிருக்கிறா. ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பாடசாலையில் எழுதுவினைஞர் படிவத்தைப் பார்த்தார். "பென்சில் செல்லாது" என்று சொல்லி, தன்னுடைய பேனையால் அதன் மேலேயே எழுதி முத்திரை குத்திவிட்டார். முழு வேலையும் அரை நிமிடம்.

நெத்தலி:
அழித்திருக்கலாமே அண்ணன்.

வாவிக்கரை:
அழிறப்பர் சட்டைப்பையில்தான் இருந்தது தம்பி. மகளுடையது.

ஊரி_பாடுது:
மறுகா சாதாரண தரத்தில் ஏ வந்தால் வந்து சொல்லுங்கள்.